நீலகண்டன் தேவசகாயமான பிறகு

நான் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறுவதற்கு முன் மறைக்கல்வி பயின்ற காலத்தில்தான் புனித தேவசகாயத்தின் வரலாறு எனக்கு முழுமையாகத் தெரியவந்தது. 1712-இல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, மார்த்தாண்ட வர்மா மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றியவர் அவர். செல்வாக்கும் சொத்தும் குலப்பெருமையும் ஒருங்கே வாய்த்திருந்த அம்மனிதர், கால்நடைகளையும் விளைச்சலையும் அடுத்தடுத்து இழந்து மனமுடைந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. யோபுவைத் தெரிந்தெடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். இழந்தவை யாவும் திரும்பக் கிடைக்கும் என்று வாக்களித்து அவரை அழைக்காமல், காரணமே விளங்காத துன்பத்திலும் கடவுளை விட்டு விலகாத ஒருவனையே டிலனாய் அவருக்குக் காட்டினார்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவர் கலந்து பழகி உடனுண்ணத் தொடங்கியதுதான் அன்றைய சமூகத்தைக் கொதிப்படையச் செய்தது. 1749-இல் கைது செய்யப்பட்டு, எருமையின் மீது பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, அடியும் பட்டினியும் அனுபவித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம்பிக்கையைக் கைவிட்டிருந்தால் பழைய பெயரும் பதவியும் மீண்டும் அவரிடமே வந்திருக்கும். விலங்கிட்ட நிலையிலும் அவற்றை வேண்டாமென்று சொல்ல முடிந்ததைத்தான் நான் ஆன்மிக விடுதலை என்று புரிந்துகொள்கிறேன்.

எனக்கு அந்த விடுதலை மிகச் சிறிய அளவிலேயே வாய்த்தது. ஆனாலும் உண்மையாகவே வாய்த்தது. யாருடைய மகன், எந்தச் சாதி, என்ன சம்பளம் என்ற கேள்விகளுக்கு நிமிர்ந்து பதில் சொல்லக்கூடியவனாக இருப்பதே வாழ்க்கை என்று வளர்க்கப்பட்டவன் நான். தந்தையின் தொழில் நொடித்தபோது உறவினர் வீடுகளில் எங்களுக்கு இருந்த இடம் மாறியது. அந்த மாற்றம் எனக்குள்ளே நெடுங்காலம் அச்சமாகத் தங்கியிருந்தது. நான் எதையும் சாதித்துக் காட்டுவதற்கு முன்பே கிறிஸ்து என்னைத் தம்முடையவன் என்று ஏற்றுக்கொண்டார் என்ற நம்பிக்கை, ஒரே நாளில் அல்ல, திருப்பலிகளிலும் தனிச் செபத்திலும் மெல்ல மெல்ல அந்த அச்சத்தைக் கரைத்தது.

ஆனால் திருமுழுக்கு தரும் புதிய அடையாளத்தை நம் திருச்சபையே முழுமையாக நம்பியதா? தேவசகாயம் மறுபிறப்படைந்த அதே வடக்கன்குளத்தில், 1872-இல், இரு சாதியினர் தனித்தனியே அமர்ந்து ஒரே பீடத்தை நோக்கும்படி இரு கூடங்கள் கொண்ட ஆலயம் கட்டப்பட்டது. இடைச்சுவர் இடிக்கப்பட 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின்னும் பிரச்சினை நீதிமன்றம் வரை சென்றது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பலரின் வேண்டுகோளுக்கு இணங்கி, 'பிள்ளை' என்னும் சாதிப் பெயர் நீக்கப்பட்டிருந்தது. குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் என்ற சிறப்பைவிட இந்த நீக்கமே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அவர் 1745-லேயே விட்டுவந்ததை நாம் அதுவரை அவர் மீது சுமத்தி வைத்திருந்தோம்.

இன்றும் மணமக்கள் விளம்பரங்களில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் அச்சாகிறது. என் மகனின் திருமணப் பேச்சிலும் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொல்வதில்லை என்று நானும் என் மனைவியும் சேர்ந்தே சொல்லிவிட்டோம். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றுபோனது. அதில் எங்கள் மூவருக்கும் வருத்தமில்லை.