இரண்டு ராஜினாமாக் கடிதங்கள்

முதன்முறையாக வேலையை விட்டபோது நான் எழுதிய ராஜினாமாக் கடிதம் இரண்டரைப் பக்கம் நீண்டது. பதவி உயர்வு தள்ளிப்போனது, விடுமுறை நாள்களிலும் அழைத்து வேலை வாங்கியது என்று மூன்றாண்டுக் குறைகள் அனைத்தையும் அதில் தேதிவாரியாக அடுக்கியிருந்தேன். அனுப்பிய அன்று மனம் லேசானது உண்மைதான். ஆனால் அக்கடிதத்தால் அங்கே எதுவும் மாறவில்லை. என் பணிக்கோப்பின் கடைசித் தாளாக அது தங்கிவிட்டது. பின்னாளில் வேறொரு நிறுவனம் என்னைப் பற்றி விசாரித்தால், கோப்பைத் திறப்பவர் முதலில் படிப்பது அந்தத் தாளாகத்தான் இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அண்மையில் இரண்டாம் முறை விலகியபோது கடிதம் நான்கு வரிகளில் முடிந்தது. பதவியிலிருந்து விலகுகிறேன், ஒப்பந்தப்படி என் கடைசி வேலைநாள் இது, அதற்குள் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுவேன், இங்கே கற்றதற்கு நன்றி, அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. காரணம் எழுதினால் அது விவாதத்துக்கு வரும். முடிவை மட்டும் எழுதினால் விவாதிக்க எதுவும் இராது.

கடிதத்துக்கு முன்பே சில வேலைகளை முடித்திருந்தேன். புதிய இடத்திலிருந்து பணி நியமன உத்தரவு எழுத்து வடிவில் கைக்கு வரும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. பணி ஒப்பந்தத்தை மறுபடி படித்து, விலகலை அறிவித்தபின் பணியில் தொடர வேண்டிய காலமான நோட்டீஸ் பீரியட் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா, ஆண்டு ஊக்கத்தொகை பெற எந்தத் தேதிவரை பணியில் இருக்க வேண்டும் என்பவற்றைக் குறித்துக்கொண்டேன். சம்பளச் சீட்டுகளையும் அப்போதே தரவிறக்கி வைத்தேன். அலுவலகக் கணக்கு முடக்கப்பட்ட பிறகு அவற்றைக் கேட்டு அலைவது பெரும்பாடு.

மேலாளரிடம் நேரில் சொன்னேன், வேறு எவருக்கும் தெரிவதற்கு முன்பாக. நெருங்கிய நண்பரானாலும் சக ஊழியரிடம் முதலில் சொல்லி, அது சுற்றிவளைத்து மேலாளரின் காதுக்குப் போனால், அதன்பின் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் பயனில்லை. சம்பளத்தை உயர்த்தித் தந்தால் இருப்பீர்களா என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்திருந்தேன், கேட்டார். நான் விலகியதற்குச் சம்பளம் காரணமன்று என்பதால், யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்காமல் அப்போதே மறுத்துவிட்டேன்.

மீதமிருந்த நாள்களில் பெரும்பகுதி ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவதில் கழிந்தது. நான் செய்யும் வேலைகளைப் பட்டியலிடுவது எளிது என்று நினைத்தே தொடங்கினேன். எழுத எழுத, யாரும் என்னிடம் ஒப்படைக்காமல் நானாகவே சுமந்துகொண்டிருந்த வேலைகள் வெளிவரத் தொடங்கின. மாதக் கடைசியில் தானாக அனுப்பப்படும் அறிக்கை ஒன்று என் பெயரிலிருந்த கணக்கின் வழியாகவே ஓடிக்கொண்டிருந்தது. நான் போனதும் கணக்கு மூடப்படும், அறிக்கையும் சத்தமில்லாமல் நின்றுபோகும். எந்த வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போதும், எவரைத் தொலைபேசியில் அழைத்தே ஆக வேண்டும் என்பதுகூட என் நினைவில் மட்டுமே இருந்தது. முடிந்தவை, பாதியில் நிற்பவை, இன்னாரின் பதிலுக்குக் காத்திருப்பவை என்று பிரித்து எழுதியபின், என் இடத்துக்கு வந்தவரை அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்யச் சொல்லி, அவர் தடுமாறிய இடங்களைத் திருத்தினேன். உண்மையில் பயன் தந்தது அந்த ஒரு வாரம்தான்.

மனிதவளத் துறையின் விலகல் நேர்காணலில் இரண்டு குறைகளை மட்டும், ஆள் பெயர் இல்லாமல், எப்படித் திருத்தலாம் என்ற யோசனையோடு சொன்னேன். மடிக்கணினியில் இருந்த சொந்தப் படங்களை எடுத்துக்கொண்டேன். அலுவலக ஆவணம் ஒன்றைக்கூடப் பிரதி எடுக்கவில்லை, நானே தயாரித்தவற்றையும்.

இவ்வளவும் செய்து வெளியேறிய பத்தாம் நாள் இரவு, என் கைப்பேசிக்கு ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண் ஒன்று வந்தது. பழைய அலுவலகத்தின் ஏதோ ஒரு கணக்கில் இன்னும் என் எண்ணே பதிவாகியிருந்தது. என் இடத்தில் இருப்பவரை அழைத்து, உள்நுழைய முயன்றது அவர்தான் என்று உறுதிசெய்துகொண்டு எண்ணைச் சொல்லி, அந்த அழைப்பிலேயே பதிவையும் மாற்ற வைத்தேன். குறிப்பில் எழுத விட்டுப்போனது அது ஒன்றுதான் என்று இன்றளவும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.