பெட்டிக்குள் நகரும் இடம்

ஏற்காட்டுத் தேனையும் மிளகையும், கோடையில் மாங்காய் ஊறுகாயையும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் சேலத்துச் சிறு நிறுவனம் ஒன்றில் பார்சல் கட்டும் பிரிவை நான் கவனித்து வருகிறேன். இந்த வேலையில் நான் கண்டவரை, பெட்டிக்குள் நகர இடம் கிடைத்த புட்டிதான் பெரும்பாலும் உடைகிறது. ஆகவே பெட்டியின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே குப்பையின் அளவும் பாதி முடிவாகிவிடுகிறது.

இறக்கும்போது விழும் அடி, வழியெல்லாம் ஓயாத அதிர்வு, மேலே அடுக்கப்படும் பெட்டிகளின் பாரம் ஆகிய மூன்றையும் ஒரு பார்சல் தாங்கியாக வேண்டும். அடிக்கு மெத்தென்ற பொருளும், அதிர்வுக்கு இறுக்கமும், பாரத்துக்கு அட்டையின் நெளிவரிகள் செங்குத்தாக நிற்பதும் தேவை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல், பெரிய பெட்டியை எடுத்துத் தெர்மாகோலைக் கொட்டி நிரப்பும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருப்பது வருத்தம் தருகிறது.

தெர்மாகோலின் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றுதான். அடியை வாங்கிக்கொள்ளும் ஆற்றலை அந்தக் காற்றே தருகிறது. பயன்படுத்திய பின் அதை யாரும் சீந்தாமல் போவதற்கும் அதுவே காரணம். பழைய பேப்பர் கடையில் அட்டையை எடை போட்டுக் காசு கொடுப்பார்கள். ஒரு வண்டி நிறைய ஏற்றினாலும் எடையே தேறாத தெர்மாகோலைத் தொடமாட்டார்கள். அது உதிர்ந்து சாக்கடைக்குப் போகிறது, மட்குவதில்லை. 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் தடை அலங்காரத் தெர்மாகோலைத்தான் குறிப்பிடுகிறது என்பதால், பார்சலில் அதைத் தவிர்ப்பது பெரும்பாலும் அனுப்புபவரின் மனச்சாட்சியைப் பொறுத்தே நிற்கிறது.

எங்கள் பிரிவில் இப்போது ஐந்தடுக்கு அட்டைப் பெட்டி, உள்ளே அட்டைத் தடுப்புகள், இடுக்குகளில் கசக்கிய பழுப்புக் காகிதம் ஆகியவற்றையே பயன்படுத்துகிறோம். கட்டி முடித்த பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுவோம். ஆனால் காகிதத்துக்கு ஈரம் ஆகாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மழைக்காலப் பனிமூட்டத்தில் கிடந்த அட்டை தொட்டாலே தொய்வாக இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருவதற்குள் அடியில் இருக்கும் பெட்டி நசுங்கிவிடும். அதனால் மலையில் அட்டையைச் சேமிப்பதை நிறுத்தி, கட்டும் வேலை முழுவதையும் சேலத்துக்கே கொண்டு வந்தோம்.

மரவள்ளிக் கிழங்கு மாவுக்குப் பேர்போன ஊர் இது. ஸ்டார்ச்சைப் பொரியாகப் பொரித்து நிரப்பும் பொருள் உண்டு, அது தண்ணீரில் கரைந்துவிடும். நல்ல பொருள்தான், ஆனால் ஈரம் பட்டால் சுருங்கும், கிடங்கில் எலியை அழைக்கும். உண்ணும் பொருளோடு அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அட்டையின் அடுக்குகளை ஒட்டும் பசைக்கு ஸ்டார்ச் பயன்படுவதால், அந்த வழியில் கிழங்கு மாவுக்கும் பெட்டியில் இடம் உண்டு. மாம்பழத்துக்கு வைக்கோல் இன்றும் உள்ளூரில் சிறந்தது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோ பூச்சிக்கும் நோய்க்கும் அஞ்சி வைக்கோல் வைத்த பெட்டிகளை ஏற்பதில்லை.

பொதியும் பொருளைக் குறைக்கும் ஆர்வத்தில் புட்டியை உடையவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். கண்ணாடியை உருக்கும் உலையின் வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ். அவ்வளவு எரிபொருளில் உருவான புட்டியும், தேனீக்களின் உழைப்பும், திரும்ப ஒரு முறை அனுப்பும் லாரியின் டீசலும் ஒரு கைப்பிடிக் காகிதத்தை மிச்சம் பிடித்ததால் வீணாகலாம். உடையாத அளவுக்குப் போதுமானதை வைத்து, அதற்கு மேல் ஒரு துண்டும் வைக்காதிருக்கப் பழகுவதுதான் இந்த வேலையின் திறமை.

எங்களுக்கு இன்னும் தீராமல் இருப்பது பிளாஸ்டிக் டேப். தண்ணீர் தடவி ஒட்டும் காகித டேப்பை ஒட்டினால் பெட்டி அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போகும்; ஆனால் அதை ஒட்டக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, எங்கள் பெண்களுக்கோ மாலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். முதலில் தேன் பெட்டிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறோம்.