யார் யாரிடம் தோற்பது?

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். அந்த முடிவை எடுக்கும்போதுதான் உண்மையான சண்டையே நடக்கிறது. யார் யாரிடம் தோற்பது, எந்த ஊரில் தோற்பது, கடைசி ஆட்டம் யாருடையது என்பதற்காக உடை மாற்றும் அறைகளில் பெரிய பெரிய ஆட்கள் வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

நான் பல வருடங்கள் தொலைக்காட்சி மேடை நிகழ்ச்சிகளில் ஃப்ளோர் மேனேஜராக இருந்தவன். கடைசியில் மேடையேறுபவர்தான் பெரிய ஆள் என்பது எங்கள் தொழிலிலும் எழுதாத சட்டம். ஒருமுறை இரண்டு மூத்த பாடகர்கள் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்துகொண்டு, “அண்ணன் முதல்ல பாடட்டும் தம்பி, நான் அப்புறம் வர்றேன்” என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். வெளியே அரங்கம் நிறைந்திருந்தது. வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். இருவருமே தங்கமான மனிதர்கள். இன்று முதலில் பாட ஒப்புக்கொண்டால் நாளைக்கு அதுவே தன் இடமாகிவிடும் என்ற பயம்தான் அவர்களை நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தது. அதனால்தான் கனடா நாட்டு மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டின் கதையை என்னால் வெறும் ரசிகனாகப் படிக்க முடிவதில்லை.

பிரெட், 1996-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தோடு 20 வருட ஒப்பந்தம் போட்டவர். அடுத்த வருடமே முதலாளி வின்ஸ் மெக்மஹன், இவ்வளவு சம்பளம் கட்டுப்படியாகாது, போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போய்விடுங்கள் என்றார். அப்போது சாம்பியன் பெல்ட் பிரெட்டிடம் இருந்தது. போவதற்கு முன் அதை யாரிடமாவது தோற்றாக வேண்டும். சக வீரர் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்கச் சொன்னார்கள். அதுவும் பிரெட்டின் சொந்த நாடான கனடாவில், மான்ட்ரியலில்.

இருவருக்கும் ஆகவே ஆகாது. அந்த வருடம் ஜூனில் உடை மாற்றும் அறையில் நிஜமாகவே கைகலப்பாகி, ஷானின் தலைமுடி கொத்தாகப் பிடுங்கப்பட்டிருந்தது. அப்புறமும் ஒரு நாள் பிரெட்டே போய்ப் பேசியிருக்கிறார்: நிறுவனம் சொன்னால் உன்னிடம் தோற்பதில் எனக்குத் தயக்கமில்லை என்று. உனக்காக நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று ஷான் பதில் சொன்னதாக பிரெட் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். என் பார்வையில் மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஒரு பெல்ட்டுக்காக பிரெட் அடம்பிடித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளி தலைகீழாகத் தூக்கும்போது உங்கள் கழுத்து அவர் கையில் இருக்கிறது. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்ற நம்பிக்கை இல்லாமல் இந்தத் தொழிலே கிடையாது. பிரெட் கேட்டது அதைத்தான்.

1997 நவம்பர் 9. ஆட்டம் ஒழுங்கான முடிவில்லாமல் கலைந்துபோகும் என்று மெக்மஹன் பிரெட்டிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ஆவணப்படம் ஒன்றுக்காக பிரெட் மைக்கை மறைத்து வைத்திருந்ததால் அந்தப் பேச்சே பதிவாகியிருக்கிறது. ஆனால் ஷான், பிரெட்டின் சொந்தப் பிடியை பிரெட்டுக்கே போட்டதும், அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே மணியை அடிக்கச் சொன்னார் மெக்மஹன். பிரெட் அவர் முகத்தில் துப்பினார். சக வீரர் அண்டர்டேக்கர் முதலாளியின் அறைக் கதவைத் தட்டி, போய் பிரெட்டிடம் பேசுங்கள் என்று நின்றார். போன மெக்மஹனை பிரெட் ஒரே குத்தில் சாய்த்தார்.

இதில் ஷானை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மேலே இருப்பவர் ஆளுக்கொரு வாக்குக் கொடுத்து வைத்தால் கீழே இருப்பவர்கள் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். தண்டனையும் ஆளைப் பார்த்தே விழும். 1996 மே மாதம், ஷானும் அவருடைய நண்பர்கள் மூவரும் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நல்லவன் கெட்டவன் வேஷத்தை மறந்து எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கெவின் நாஷும் ஸ்காட் ஹாலும் நிறுவனத்தை விட்டுப் போகிறவர்கள், ஷான் சாம்பியன். ஆகவே பழி முழுவதும் நால்வரில் இளையவரான ட்ரிபிள் ஹெச் தலையில் விழுந்தது. அவருக்கென்று வைத்திருந்த 'கிங் ஆஃப் தி ரிங்' பட்டம் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. ஆஸ்டின் அங்கிருந்துதான் உச்சத்துக்கு ஏறினார்.

இவர்கள் யாரும் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள். அடிபட்டுப் படுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். ஈகோ என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தப் பயம்தான். இதை அன்றே புரிந்துகொண்டவர் ஜெஸ்ஸி வெஞ்சுரா. பின்னாளில் மினசோட்டா மாநில ஆளுநரானவர். 1986-இல், அந்த நிறுவனத்தின் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியா இரண்டாவது முறை நடப்பதற்கு முன், நாமெல்லாம் சேர்ந்து சங்கம் அமைப்போம் என்று சக வீரர்களிடம் பேசினார். பேச்சு உடனே முதலாளி காதுக்குப் போய்விட்டது. போட்டுக்கொடுத்தது யார் என்பது வெஞ்சுராவுக்குப் பல வருடம் கழித்து, வீடியோ விற்பனைப் பங்குக்காக அவர் போட்ட வழக்கில், மெக்மஹன் கொடுத்த வாக்குமூலத்தில்தான் தெரிந்தது. ஹல்க் ஹோகன். அங்கே எல்லோரையும் விட அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், சங்கம் வந்தாலும் வராவிட்டாலும் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர். மான்ட்ரியல் துரோகத்தைப் பற்றி ரசிகர்கள் இன்றும் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். எனக்கு இதுதான் அதைவிடப் பெரிய துரோகமாகப் படுகிறது. பிரெட்டும் ஷானும் 2010-இல் அதே நிறுவனத்தின் மேடையில் கைகுலுக்கிக் கட்டிப்பிடித்துச் சமாதானமாகிவிட்டார்கள். வெஞ்சுரா கேட்ட சங்கம் மட்டும் அங்கே இன்றுவரை வரவில்லை.