கடலோர நடைபாதைக்கு ஒரு மரக்குடில்: சுவர் நிற்கும் வரை

பெம்ப்ரோக்‌ஷர் கடலோரப் பாதையில் நடப்பவர்கள் ஓர் இரவு தங்க ஒரு சின்ன மரக்குடிலை வரைந்து, அட்டையில் மாதிரி செய்து, இப்போது முழு அளவில் சுவர் செய்யும் கட்டத்துக்கு வந்திருக்கிறேன். வேல்ஸின் தென்மேற்கு மூலையில், செயின்ட் டாக்மெல்ஸிலிருந்து ஆம்ராத் வரை 299 கிலோமீட்டர் நீளும் பாதை இது. திறந்தது 1970-இல். வேல்ஸ் கடற்கரை முழுவதற்குமான 1,400 கிலோமீட்டர் பாதை 2012-இல் வந்தபோது அதன் ஒரு பகுதியாகவும் ஆகிவிட்டது. நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் கூடாரம் போட இங்கே சட்டத்தில் இடமில்லை. ஊர்களுக்கு நடுவே அடைமழை பிடித்துக்கொண்டால் ஒதுங்கவும் இடம் குறைவு. பாதையை ஒட்டிப் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தேசியப் பூங்கா ஆணையத்தின் அனுமதி கிடைத்தால் ஒரு மூலையைத் தருகிறேன் என்றார். அவர் கேட்டது ஒன்றுதான்: வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துவிட வேண்டும், மண்ணில் எதுவும் மிஞ்சக்கூடாது.

அதனால் கான்கிரீட் அடித்தளம் முதலிலேயே போய்விட்டது. திருகாணி மாதிரி மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் இரும்புத் தூண்கள் ஆறு. அவற்றின் மேல் தரைச் சட்டம். உள்ளளவு 2.4 மீட்டருக்கு 3.6 மீட்டர். பலகைத் தாள்கள் 2,440-க்கு 1,220 மில்லிமீட்டரில் வருவதால் இந்த அளவில் வெட்டுச் சேதம் குறைவு. சுவரை 600 மில்லிமீட்டர் அகலத் துண்டுகளாகப் பிரித்திருக்கிறேன். ஒரு துண்டு சுமார் 40 கிலோ வருகிறது, இரண்டு பேர் தூக்கி வயல்வரப்பில் நடக்கலாம். கிரேன் வேண்டாம், லாரி வரப் புதுப் பாதை வெட்டவும் வேண்டாம்.

மரம் லார்ச், குளிர்நாட்டு ஊசியிலை மரம். இதற்குப் பின்னால் ஒரு வருத்தமான காரணம் உண்டு. பைட்டோஃப்தோரா ரமோரம் என்ற நோய்க்கிருமி 2010-இல் வேல்ஸின் லார்ச் காடுகளில் தென்பட்டது. பரவாமல் தடுக்க மலைச்சரிவு சரிவாக மரங்களை வெட்டினார்கள். க்வம்கார்ன் பள்ளத்தாக்கின் காட்டுச்சாலையை இதற்காகவே 2014-இல் மூடி, 2021-இல்தான் மறுபடி திறந்தார்கள். நோய் தாக்குவது பட்டையையும் அதன் உட்புறத்தையும். உள்ளே இருக்கும் மரம் திடமாகவே இருக்கும். பட்டையோடு ஒரு கட்டையை நகர்த்த உரிமம் வேண்டும். அந்த வேலையை மரஅறுவைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எப்படியும் வெட்டியாக வேண்டிய மரம். அது விறகாக எரிந்து போவதைவிட ஒரு சுவராகப் பல வருஷம் நிற்கட்டும் என்று நினைக்கிறேன். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். நிற்கிற வரை அது காற்றில் கலக்காது.

லார்ச்சில் வைரம் பாய்ந்த பகுதிதான் வெளிச்சுவருக்கு ஆகும். அதைச் சுற்றியுள்ள வெளிர்நிற இளமரம், அதாவது வெள்ளை, சீக்கிரம் உளுத்துவிடும். பலகை பலகையாகப் பார்த்து, வெள்ளை அதிகம் உள்ளதை உட்புற வேலைக்கு ஒதுக்கினேன்.

இனி சுவர். இந்தத் திட்டத்தில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். மழை பக்கவாட்டில் அடிக்கும் ஊர் இது. தென்மேற்குக் காற்று கடலுப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். பலகை நனையாமல் தடுக்க யாராலும் முடியாது. நனைந்தது காய வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தங்கிக்கொண்டே இருந்தால் பூஞ்சை உட்காரும். இதைக் கண்ணால் பார்க்கவே தோட்டத்தில் தென்மேற்கு நோக்கி இரண்டு சுவர்த் துண்டுகளைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தினேன். ஒன்றில் பலகையைச் சட்டத்தோடு ஒட்டி அறைந்தேன். மற்றதில் மழையைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடும் துணிப்படலத்தின் மேல் நிற்கும் ரீப்பர், அதன் மேல் கிடக்கும் ரீப்பர், அதற்கும் மேல் செங்குத்தாகப் பலகை. மழை விட்டு இரண்டு நாள் கழித்து ஈரமானியைக் குத்தினால், ஒட்டி அறைந்தது 20-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. இடைவெளி விட்டது 17, 18-இல் நின்றது. ஒரே பலகை, ஒரே மழை.

நிற்கும் ரீப்பர் எதற்கு என்று கேட்கலாம். கிடக்கும் ரீப்பர் மட்டும் இருந்தால் கீழிருந்து ஏறும் காற்றை அதுவே மறித்துவிடும். உள்ளே புகுந்த தண்ணீரும் அதன் தலையில் தேங்கும். அதனால் கிடக்கும் ரீப்பரின் மேல்விளிம்பை வெளிப்பக்கம் சாய்த்து இழைத்திருக்கிறேன். இடைவெளியின் அடியிலும் மேலும் பூச்சிவலை. பலகையின் கீழ்முனை தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரம், தெறிக்கும் மழைநீர் எட்டாதபடி. அந்த முனையையும் சாய்வாக அறுத்தால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். வெட்டுமுனைதான் மரம் தண்ணீர் குடிக்கும் வாய் என்பதால் அதற்கு மட்டும் மெழுகு பூசினேன். மற்ற இடத்தில் பெயிண்ட், எண்ணெய் எதுவும் இல்லை. காலப்போக்கில் சாம்பல் நிறமாகட்டும்.

திருகாணிகள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விலை அதிகம்தான், ஆனாலும் கடலோரத்தில் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. லார்ச்சின் அமிலத்தன்மையும் உப்பும் சேர்ந்தால் சாதாரண ஆணி கறுப்புக் கண்ணீர் வடிக்கும். லார்ச் எளிதில் பிளக்கும், எனவே முனைகளில் துளையிட்ட பிறகே முடுக்க வேண்டும்.

அப்புறம் உள்ளே வரும் ஈரம். இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் உடலிலும் இருந்து அரை லிட்டருக்கு மேல் நீராவி வரும். நனைந்த மேலங்கியும் பூட்ஸும் உள்ளே வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் படுக்கையறைக்கு முன்னால் ஒரு திண்ணை வைத்தேன். வழிப்போக்கருக்குத் திண்ணை விடுவது நம் வீடுகளுக்குப் பழகியதுதானே. கூரை உண்டு, ஒரு பக்கம் திறந்தது. காற்று மறையும் வடகிழக்கைப் பார்த்து. மழை உடுப்பு அங்கேயே தொங்கும். பூட்டியிருந்தாலும் யாராவது வந்து மழைக்கு உட்காரலாம். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு மடக்கு மேசை, தாழவும் உயரவும் இரண்டு காற்றுத்திறப்பு, அவ்வளவுதான். கழிப்பறை தனியாக, உரமாகும் வகையில்.

இப்போது தரைச் சட்டமும் நான்கு சுவர்த்துண்டுகளும் தயார். திண்ணையின் ஆழம் மட்டும் முடிவாகவில்லை. 900 மில்லிமீட்டர் வைத்தால் உட்காரலாம். 1,200 வைத்தால் பையை வைத்து ஒருவர் படுக்கவும் முடியும், ஆனால் நீண்ட கூரையைக் காற்று தூக்கும் விசையும் கூடும், தூண்களின் பிடியும் அதற்கேற்ப வேண்டும். பண்ணையில் குச்சி நட்டுக் கயிறு கட்டி, காற்றடிக்கும் ஒரு நாளில் அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யப் போகிறேன்.