கருமபீடத்துக்கு வரும் மிச்சக் காசு

கொழும்பில் ஒரு வங்கிக் கிளையில் வெளிநாட்டு நாணயம் மாற்றும் கருமபீடத்தில் இருந்தால் எந்த மாதத்தில் எந்தக் காசு வரும் என்பது பழகிவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் திரும்பும்போது வெள்ளவத்தை உறவுகளின் கையில் வைத்துவிட்டுப் போகும் பவுண்சும் கனேடிய டொலரும் செப்டெம்பரில் வரும். இந்தியக் கோயில்களுக்குப் போய் வந்தவர்களிடம் அந்த ஊர் ரூபாய் இருக்கும். வளைகுடாக் காசு ஆண்டு முழுக்க வரும். பெரிய தொகையோடு வருபவர்களுக்குச் சிக்கல் குறைவு. மனக்கசப்பெல்லாம் செலவழித்து மிஞ்சிய காசால்தான்.

“இதை எடுப்பதில்லை” என்று சொன்னால் எதிரே நிற்பவர் நம்புவதில்லை. வங்கிக்கே காசு ஏன் வேண்டாம்? நியாயமான கேள்விதான். நாங்கள் வாங்கும் தாளை ஒன்றில் வேறொரு வாடிக்கையாளருக்கு விற்க வேண்டும், அல்லது கட்டாகச் சேர்த்து, காப்புறுதி செய்து, விமானத்தில் வெளிநாட்டு வங்கிக்கு அனுப்ப வேண்டும். டொலர், யூரோ என்றால் கட்டு சீக்கிரம் சேரும். மற்றவை மாதக்கணக்கில் பெட்டகத்தில் கிடக்கும். நாணயக் குற்றிகளின் பாரத்துக்கு அனுப்பும் செலவே கட்டாது. பேனையால் எழுதிய, கிழிந்து ஒட்டிய டொலரை வேண்டாம் என்பதும் இதனால்தான். அங்கிருந்து திரும்பி வந்தால் நட்டம் எங்களுக்கு. இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் வரிசை நீண்டுவிட்டால் “சிஸ்டம் எடுக்காது” என்ற ஒரே வசனத்தோடு ஆளை அனுப்பிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஹட்டன் பக்கத்துப் பெண் ஒருவர் வந்தார். குவைத்தில் வீட்டு வேலை முடித்து வந்தவர். கடவுச்சீட்டின் உறைக்குள் தாள்களை மடித்து வைத்திருந்தார்: ஐந்து டினார் ஒன்று, மற்றதெல்லாம் கால் டினாரும் அரை டினாரும். கூடவே ஒரு மருந்துப் போத்தல் நிறைய ஃபில்ஸ் என்னும் சில்லறைக் குற்றிகள். ஐந்து டினாரை மட்டும் எடுக்க முடிந்தது. ஒரு டினாருக்குக் குறைந்த தாளை வாங்கக்கூடாது என்பது தலைமை அலுவலகத்தின் அறிவுறுத்தல்.

“இதுவும் காசுதானே மிஸ்? கடைக்கு அனுப்புனா மிச்சத்த மேடம் என்கிட்டயே குடுத்துருவாங்க. அதத்தான் சேத்து வச்சேன்” என்றார்.

ஒரு டினார் நம் ரூபாயில் ஆயிரத்தை ஒட்டி நிற்கும் காலம் இது. கால் டினார் என்றாலும் ஒரு சோற்றுப் பார்சலுக்குக் கிட்ட வரும். சில விமானங்களில் யுனிசெப் அமைப்புக்காகச் சில்லறை போடும் உறை தருவார்கள். 1987இல் தொடங்கிய நல்ல திட்டம். உல்லாசப் பயணிக்கு அது பொருந்தும். பிறர் வீட்டில் பாத்திரம் கழுவிச் சேர்த்தவரிடம் தானம் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊரில் யாராவது குவைத்துக்குப் போனால் குற்றிகளைக் கொடுத்து, பதிலுக்கு ரூபாய் வாங்கச் சொன்னேன். தாள்களுக்குக் கோட்டையில் முதலிகே மாவத்தைப் பக்கம் காசு மாற்றும் கடைகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை நீட்ட வேண்டும், பற்றுச்சீட்டு வாங்காமல் வரக்கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்தது காலம் கடந்த தாள். பிரித்தானியாவின் காகித 20, 50 பவுண்ஸ் தாள்கள் 2022 செப்டெம்பர் 30உடன் செல்லாமல் போயின. வெள்ளவத்தை அம்மா ஒருவர் அடம் ஸ்மித் படம் போட்ட 20 பவுண்ஸ் தாள்களைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தார். “தம்பி வந்தபோது தந்திட்டுப் போனவன். அவசரத்துக்கு எண்டு வைச்சிருந்தனான் பிள்ளை.” எங்களால் வாங்க முடியாது. ஆனால் அந்தக் காசு செத்துப்போகவில்லை. இங்கிலாந்து வங்கி தன் பழைய தாள்களுக்கு எப்போதும் பெறுமதி கொடுக்கும், தவணை கிடையாது. லண்டனில் இருந்து வருபவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். “அப்ப இன்னொரு துண்டும் எழுதித் தாரும், பக்கத்து வீட்டு அக்காவிட்டையும் கிடக்கு” என்றார்.

இந்திய ரூபாயில் நிலைமை மோசம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, அடுத்த யாத்திரைக்கென்று எடுத்து வைத்திருந்தவர்கள் பலர். கொழும்பில் இருந்தபடி அதை மாற்ற வழி இருக்கவில்லை. 2023 மேயில் மீளப்பெறுவதாக அறிவித்த 2000 ரூபாய்த் தாளுக்கு அப்படியில்லை. சென்னையில் ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் அதைக் கொடுக்க இடமுண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து “செல்லாது” என்று சொல்லிவிடும் அலுவலர்களும் இருக்கிறார்கள். அது பெரிய அநியாயம்.

2022 ஜூனில் இன்னொரு பயம் வந்தது. டொலர் மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்து மே மாதத்தில் 360ஐத் தொட்டிருந்தது. கையில் வைத்திருக்கக்கூடிய வெளிநாட்டு நாணயத்தின் உச்சத்தை அரசு 15,000 டொலரில் இருந்து 10,000 ஆகக் குறைத்தது. நாற்பது, ஐம்பது டொலர் வைத்திருந்த ஓய்வூதியக்காரர்கள்கூட “பொலிஸ் பிடிக்குமா?” என்று பதறி வந்தார்கள். எல்லை பத்தாயிரம், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

வீதங்களைக் காட்டும் திரையின் கீழே, எவற்றை எடுக்கமாட்டோம், ஏன், வேறெங்கே கேட்கலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அறிவித்தல் ஒட்டலாமா என்று முகாமையாளரிடம் கேட்டேன். தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும் என்றார். சரி, வாசகத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதோடு கால், அரை டினார் பற்றியும் தனியாக ஒரு கடிதம் வைத்தேன். ஹட்டன், மட்டக்களப்பு, புத்தளம் போன்ற ஊர்க் கிளைகளில் இந்தத் தாள்களை வாங்கிக் கொழும்பில் ஒன்றாக்கினால், அனுப்பும் அளவுக்கு ஒரு கட்டு சேரும் என்றுதான் அதில் எழுதியிருக்கிறேன்.