பந்தியில் காத்திருப்பவர்கள்: தாம்பரம் கல்லூரி விடுதியிலிருந்து ஓர் அனுபவ வழிகாட்டல்

இந்த ஆண்டு சென்னையின் கிறிஸ்தவக் கல்லூரிகளில் சேர்ந்து விடுதிக்குள் அடியெடுத்து வைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ்வழியில் படித்துவிட்டு, இளங்கலைப் பொருளியல் படிப்பதற்காகச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தவன் நான். நெல்லை எக்ஸ்பிரஸிலிருந்து தாம்பரத்தில் பெட்டியோடு இறங்கிய அந்தக் காலையில், பாடத்தைவிட ஒரு கேள்வியே என்னை அதிகம் வாட்டியது: இந்த இடம் என்னைத் தன்னுடையவனாக ஏற்குமா?

கல்லூரியின் வரலாற்றை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளிதான், பின்னாளில் அதன் முதல்வராயிருந்த வில்லியம் மில்லரின் காலத்தில் கல்லூரியாக வளர்ந்து, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 1937இல் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு இடம் பெயர்ந்தது. புள்ளிமான்கள் நடமாடும் அந்த வளாகத்தில் சேலையூர், புனித தோமா, பிஷப் ஹீபர் ஆகிய மூன்று பழைய ஹால்களுக்கும் (விடுதிகளை இங்கே ஹால் என்போம்) தனித்தனிப் பெருமைகள் உண்டு. ஆனால் என் மனத்தில் தங்கியது வேறொன்று. பள்ளியின் தொடக்க ஆண்டுகளிலேயே, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் வகுப்பில் உட்காருவதை எதிர்த்து மேல்சாதி மாணவர்கள் பலர் வெளியேறியபோதும், ஆண்டர்சன் அந்தப் பிள்ளைகளை நீக்க மறுத்துவிட்டார். ஹால் டே, கலைவிழா, அணிப்பாட்டு ஆகிய எல்லா மரபுகளுக்கும் அடியில் கிடக்கும் கல் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

முதல் பருவத்தில் நான் செய்த பிழையையும் சொல்லவேண்டும். ஹாலின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, போட்டிகளில் தொண்டை கிழியக் கத்தினால் நானும் அந்த ஊர்க்காரன் ஆகிவிடுவேன் என்று எண்ணினேன். வகுப்பில் ஆங்கிலம் புரியாததை யாரிடமும் சொல்லவில்லை. புள்ளியியல் உள்தேர்வில் எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் பற்றிய கணக்கில் சூத்திரத்தையே தவறாக எழுதித் தோற்றேன். மதிப்பெண் வந்த மாலை, மெஸ்ஸுக்குப் போனால் முகத்தைக் காட்டவேண்டுமே என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

எட்டரை மணிக்கு மேல் அறைத்தோழன் வந்தான். திருவண்ணாமலைக்காரன், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவனை நான் பார்த்ததே இல்லை. ஒரு தட்டில் சோறும் சாம்பாரும் போட்டு, சூடு ஆறாதிருக்க இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, இரு கைகளாலும் ஏந்தி மாடிப்படி ஏறி வந்திருந்தான். மூடிய தட்டின் உட்புறத்திலிருந்து நீர்த்துளிகள் சோற்றில் சொட்டியிருந்தன. "சாப்பிடாம படுத்தா தலைதான் வலிக்கும், மார்க் ஏறாது. எழுந்திரு, நானும் இன்னும் சாப்பிடல" என்றான்.

எங்கள் ஊர்ச் சபையில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையன்று அசனம் என்னும் பொது விருந்து நடக்கும். அண்டாக்களில் கொதிக்கும் குழம்பின் மணத்தோடு, இருப்பவரும் இல்லாதவரும் ஒரே பந்தியில் உட்காருவோம். அதைச் சிறுவயது முதல் கண்டிருந்தும், அதன் பொருள் எனக்கு அன்றிரவுதான் விளங்கியது. பைபிளில் வரும் கொரிந்து நகரத்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அப்போஸ்தலர் பவுல் அதைக் கடிந்துகொண்டு, போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதினார். அதை அடுத்த அதிகாரத்தில்தான், கண்ணானது கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டுவதில்லை என்று சொல்லக்கூடாது என்ற, சபையை ஓர் உடலாகக் காட்டும் சரீர உவமை வருகிறது. உறுப்பு தன் தகுதியால் உடலில் சேர்வதில்லை. அது முன்பே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. தேர்வில் தோற்றவனும் அப்படித்தான்.

ஆகவே நான் சொல்லும் முதல் ஆலோசனை: மதிப்பெண் குறைந்த நாளில் பந்தியைத் தவிர்க்காதீர்கள், தவிர்ப்பவரைக் கண்டால் தட்டோடு போங்கள். இரண்டாம் பருவத்தில் நாங்கள் நான்கு பேர், அதில் கிறிஸ்தவர் நான் ஒருவன் மட்டுமே, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம். ஆங்கில விரிவுரைக் குறிப்பின் வலப்புறத்தில் இரண்டு அங்குலம் விட்டு, ஒவ்வொரு கருத்தையும் என் தமிழில் எழுதினேன். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து முழுமையாக எழுதிப் பார்த்தோம். கணக்கு வராதவனுக்கு மற்றவர் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஒரே விதி. திட்ட விலக்கத்தை நான் உண்மையிலேயே புரிந்துகொண்டது, அதை இன்னொருவனுக்கு விளக்கிய மூன்றாவது இரவில்தான். அந்தத் தாளில் பின்னர் நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன்.

தேர்வு வாரத்து ஞாயிறு ஆராதனையை விட்டுவிடாதீர்கள். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு ஒருபோதும் நட்டமானதில்லை. ஆனால் மதிப்பெண்ணுக்கு விலையாக ஜெபத்தைக் கொடுக்காதீர்கள்; அது கடவுளோடு செய்யும் வியாபாரம்.

மரபு என்ற பெயரில் எவராவது புதியவரைச் சிறுமைப்படுத்தினால், அது எந்தக் கல்லூரியானாலும், பணிந்துபோகாமல் விடுதிக் காப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். பகடிவதை தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைசியாக வந்தவருக்கும் பந்தியில் இடம் விடுகிற வழக்கத்தையே நான் மரபு என்பேன். அவரை எழுப்பி நிற்கவைப்பது, எத்தனை தலைமுறையாக நடந்துவந்தாலும், அந்தப் பெயருக்கு உரியதன்று.

எங்கள் கல்லூரியின் இலத்தீன் குறிக்கோளுக்கு 'இந்த அடையாளத்திலே' என்று பொருள். அங்கே குறிக்கப்படும் அடையாளம் சிலுவை. சட்டையில் பொறித்த ஹாலின் பெயர் அன்று. அந்தச் சட்டையை நான் இன்றும் வைத்திருக்கிறேன், விருப்பத்தோடு அணிகிறேன். எனினும் இறுதிப் பருவத்தில், முதலாண்டு மாணவன் ஒருவன் இரண்டு நாள் மெஸ்ஸுக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டபோது, திருவண்ணாமலைக்காரனும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளாமலே எழுந்தோம். அவன் சோறு போட்டான். நான் மூடுவதற்கு இன்னொரு தட்டை எடுத்தேன்.