பதினான்கு மீட்டர் தொலைவில் நிற்கும் மிக்-21

1/48 அளவுள்ள ஒரு போர் விமான மாதிரியை முப்பது சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறோம் என்றால், உண்மையான விமானத்தைப் பதினான்கு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் நின்று பார்ப்பதாகவே பொருள். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்த நுணுக்கத்தைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்க வேண்டும் என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். கிருஷ்ணகிரியில் என் வீட்டு மாடியறையில் அண்மையில் முடித்த மிக்-21 பிஸ் மாதிரியை முழுக்க முழுக்க இந்தக் கணக்கை வைத்தே செய்தேன். அதில் கண்டவற்றை, இதே வேலையில் இறங்க நினைக்கும் தமிழ் வாசகர்களுக்காக விரிவாக எழுதி வைக்கிறேன்.

மிக்-21 இந்திய விமானப்படையில் 1963-இல் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தப் பணிக்காலத்தில் அது அணியாத நிறமில்லை எனலாம்: தொடக்கத்தில் வெறும் உலோகப் பளபளப்பு, 1971 போரின்போது அவசரமாகப் பூசப்பட்ட மறைப்பு வண்ணங்கள், பின்னாளில் பச்சையும் பழுப்பும், கடைசியில் பைசன் எனும் மேம்படுத்தப்பட்ட வகையின் சாம்பல் நிறங்கள். நாசிக்கில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் தயாரித்த பிஸ் வகை விமானம் ஒன்றை, 1980-களின் பச்சை, பழுப்பு மறைப்பு வண்ணத்தில் செய்வதென்று முடிவெடுத்தேன். செக் நாட்டு எட்வார்ட் நிறுவனத்தின் 1/48 கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு) இதற்கு மிகப் பொருத்தமானது. உண்மையான விமானத்தின் இறக்கை நீளம் 7.15 மீட்டர், மாதிரியில் அது ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டராகிறது. ஒரு சாணுக்கும் குறைவான அகலம்தான்.

முதலில் பேனல் கோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாதிரி செய்பவர்களிடையே நான் மிகுதியாகக் காணும் பழக்கம் அங்கேதான் இருக்கிறது. விமானத்தின் மேல்தகடுகள் ஒன்றோடொன்று சேருமிடங்களை கிட்டில் மெல்லிய பள்ளங்களாகக் காட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளம் 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 48-ஆல் பெருக்கினால் உண்மையான விமானத்தில் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. ஒலியை விட இரு மடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்தின் தோலில் ஒரு சென்டிமீட்டர் விரிசலை எந்தப் பொறியாளரும் விட்டுவைக்க மாட்டார். அச்சு வார்ப்பின் வரம்பு காரணமாகவே கோடு அவ்வளவு அகலமாக இருக்கிறது. அப்படியிருக்க, அதற்குள் கருமையான மையை ஓடவிட்டு விமானம் முழுவதும் சம அழுத்தத்தில் கட்டம் போட்டது போல ஆக்கிவிட்டால், விமானத்தைக் காட்டுவதற்குப் பதிலாக அதன் வரைபடத்தைக் காட்டியவர்களாகிவிடுகிறோம்.

அதற்காகக் கோடுகளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. உண்மையான இடைவெளிகளும் விமானத்தில் உண்டு: இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் பகுதிகள், வேகத்தடைப் பலகைகள், சக்கர அறைக் கதவுகள், சுக்கான் ஆகியவற்றைச் சுற்றி நிழல் விழும் அளவுக்குப் பிளவு இருக்கிறது. அங்கே கரும்பழுப்பு நிறத்தை நிறைவாகவே கொடுக்கலாம். அடிக்கடி திறந்து மூடப்படும் பராமரிப்புக் கதவுகளின் விளிம்புகளுக்கு அதைவிடச் சற்று மென்மையான நிறம் போதும். மற்றத் தகட்டு இணைப்புகளுக்கு, அந்தந்த இடத்தின் அடிநிறத்தையே ஓரிரு படி கருமையாக்கிக் கொடுத்தால் போதுமானது. இவ்வாறு மூன்று படிநிலைகளாகப் பிரித்த பிறகுதான் என் மாதிரியின் மேற்பரப்புக்கு உயிர் வந்தது.

இதைச் சரிபார்க்க எனக்கு உதவியது பெங்களூரிலுள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகம். கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம் என்பது நம் பகுதியில் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுபவர்களுக்கு வாய்த்த நற்பேறு. அங்கே வெளியில் நிறுத்தப்பட்டிருக்கும் விமானங்களின் முன் பதினான்கு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், பெரும்பாலான தகட்டு இணைப்புகள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கதவுகளும் அசையும் பகுதிகளும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: காட்சிக்கு வைக்கப்படும் விமானங்களுக்குப் பின்னாளில் மீண்டும் வண்ணம் பூசியிருப்பார்கள். ஆகவே வடிவம், விகிதம், கதவுகளின் அமைப்பு ஆகியவற்றுக்கு அவற்றை முழுமையாக நம்பலாம். நிறத்துக்கு, விமானம் பணியில் இருந்த காலத்துப் புகைப்படங்களையே நாட வேண்டும்.

விமானி அறையிலிருந்து வேலையைத் தொடங்கினேன். சோவியத் விமானங்களுக்கே உரிய நீலப்பச்சை நிறம் அது. கருவிப் பலகைக்கு கிட்டுடன் வரும் வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடு இருக்கிறது. ஒவ்வொரு வட்டமானியின் மேலும் கிளியர் எனப்படும் பளபளப்பான நிறமற்ற பூச்சை ஊசிமுனையால் ஒரு துளி வைத்தால் கண்ணாடி போலவே தோன்றும். இருக்கைப் பட்டைகளையும் அந்த உலோகத் தகட்டிலிருந்தே எடுத்து, வளைத்து, தொய்வாகப் படியும்படி ஒட்டினேன். இருட்டான குழிக்குள் இருக்கும் பகுதி என்பதால் இங்கே மட்டும் நிழலையும் ஒளியையும் சற்று மிகைப்படுத்திக் காட்டுவது தவறில்லை என்பது என் கருத்து.

பிஸ் வகையின் கண்ணாடிக் கூரை வலப்பக்கமாகத் திறப்பது. அதைத் திறந்த நிலையில் வைப்பதாக இருந்தால் ஒரு சிறு சிராய்ப்பும் கண்ணில் படும். நம் ஊர் கிரானைட் தொழிற்கூடங்களில் கல்லை மெருகேற்றும் முறை இதற்கு அப்படியே பொருந்தும்: முந்தைய படி விட்ட கீறலை அழிக்கும் அளவுக்கு மட்டும் அடுத்த படி நுண்மையாக இருக்க வேண்டும், எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. நீரில் நனைத்த 2000 எண் உப்புத்தாளில் தொடங்கி, மேலும் நுண்ணிய தாள்கள் வழியாகச் சென்று, கடைசியில் மெருகுப் பசையை மென்துணியில் தொட்டுத் தேய்த்தால் கூரை முழுத் தெளிவுடன் திரும்பிவிடும்.

உடற்பகுதியின் இரு பாதிகளை ஒட்டி, இணைப்புக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, சாம்பல் நிற பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிப்பது வழக்கமான வேலைதான். பிரைமர் காய்ந்த பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், விடுபட்ட பள்ளமும் மேடும் தெரிந்துவிடும்.

வண்ணம் அடிப்பதில் நம் தட்பவெப்பம் ஒரு முக்கியமான காரணி. வெளிநாட்டுக் கட்டுரைகளில் சொல்லப்படும் கலவை விகிதம் சித்திரை, வைகாசி மாதத்துக் கிருஷ்ணகிரியில் செல்லாது. காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷிலிருந்து புறப்படும் அக்ரிலிக் துளிகள் பரப்பைத் தொடுவதற்கு முன்பே காற்றில் பாதி உலர்ந்து, தூளாகப் படிந்து, கைக்குச் சொரசொரப்பான ஒரு தோலை உருவாக்கும். ஊசிமுனையிலும் வண்ணம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வண்ணத்தைச் சற்று நீர்த்ததாக வைத்து, உலர்வைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளிகள் சேர்த்து, காற்றழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, பரப்புக்கு நெருக்கமாக அடிப்பதுதான் இதற்கு வழி. பெங்களூர் சாலையிலுள்ள ஒரு கார் பெயின்டிங் பட்டறையில் தின்னர் வாங்கப் போனபோது, அங்கே வேலை பார்க்கும் பெரியவர், “வெயில் ஏறதுக்கு முன்னாடி அடிச்சு முடிச்சிடுங்க தம்பி, தரையில தண்ணி தெளிச்சுட்டு அடிங்க, தூசி எழும்பாது” என்றார். கல் அறுக்கும் தூசு எந்நேரமும் காற்றில் கலந்திருக்கும் ஊரில் இதைவிடப் பயனுள்ள அறிவுரை எந்தக் கையேட்டிலும் இல்லை. மழைக்காலத்தில் சிக்கல் தலைகீழாகிறது: காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது லேக்கர் வகைக் கிளியரை அடித்தால் அது வெண்மையாகப் பூத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலையை வெயில் காயும் நாளுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

நிறத்துக்கு மீண்டும் அந்தப் பதினான்கு மீட்டர்க் கணக்குக்கு வருவோம். தொலைவு கூடக் கூட, இடையிலுள்ள காற்றின் காரணமாக நிறங்கள் வெளிறித் தெரியும், கருமை குறையும். ஆகவே உண்மையான விமானத்தின் வண்ணத்தை அப்படியே புட்டியிலிருந்து எடுத்துச் சிறிய மாதிரியில் பூசினால் அது மிகவும் கனத்துத் தெரியும். கரும்பச்சையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெளிர்நிறம் கலந்தேன். அதற்கு வெள்ளையைப் பயன்படுத்தாமல், மணல் நிறத்தைப் பயன்படுத்தினேன். வெள்ளை கலந்த பச்சை சுண்ணாம்பு பூத்தது போலாகிவிடும், மணல் நிறம் கலந்த பச்சையோ ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற வண்ணத்தைப் போல மங்கும். அந்த மங்கலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. வானத்தை நோக்கிய இறக்கைப் பரப்பும் முதுகும் கூடுதலாக வெளிற வேண்டும்; நிழலில் இருக்கும் பக்கங்களும் இறக்கையின் அடியும் அடர்த்தியாகவே இருக்க வேண்டும்.

பச்சையும் பழுப்பும் சந்திக்கும் எல்லையிலும் கணக்கு உதவுகிறது. ஸ்பிரே துப்பாக்கியால் அடிக்கப்பட்ட விமானத்தில் இரு நிறங்களும் ஒன்றில் ஒன்று கரையும் அகலம் ஐந்து சென்டிமீட்டர் என்றால், மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டர்தான். புளூ டாக் பசையை மெல்லிய திரியாக உருட்டி எல்லையில் வைத்து, அதற்கு நேர் மேலிருந்து அடித்தால் இந்த ஒரு மில்லிமீட்டர் மென்மை கிடைக்கிறது. டேப் ஒட்டினால் எல்லை கத்தியால் வெட்டியது போலாகும். வெறுங்கையால் அடித்தால் புகை போல அகன்றுவிடும்.

மூவண்ண வட்டக் குறியும் எண்களும் டெக்கால்களாக, அதாவது நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்களாக வருகின்றன. மங்கலான சொரசொரப்பான பரப்பில் அவற்றை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். எனவே முதலில் பளபளப்பான கிளியர், பிறகு டெக்கால், அதன்மேல் டெக்காலை மென்மையாக்கிப் பள்ளங்களில் படியச் செய்யும் திரவம் என்ற வரிசையை மாற்றவே கூடாது. காவி வெளிவட்டத்தின்மேல் மிக நீர்த்த மணல் நிறத்தை ஒருமுறை ஓட்டினால், குறி விமானத்தோடு சேர்ந்து வெயில் கண்டதாகத் தெரியும்.

பேனல் கோடுகளுக்கு விலையுயர்ந்த தனித் திரவங்கள் தேவையில்லை. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் கேம்லின் ஆயில் கலரில் கரும்பழுப்பையும் கறுப்பையும் கலந்து டர்பென்டைனில் கரைத்தால் போதும். காய்ந்த அக்ரிலிக்கையும் அதன்மேலுள்ள கிளியரையும் அது பாதிப்பதில்லை. மிகுதியாகப் போனால் துணியால் துடைத்துவிடலாம். துடைப்பதும் காற்று ஓடும் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலை நோக்கியே இருக்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் மேலிருந்து கீழாகச் சில மெல்லிய தடங்களை விடலாம், ஏனெனில் விமானம் வானில் இருக்கும் நேரத்தைவிடத் தரையில் நிற்கும் நேரமே அதிகம். எண்ணெயும் மழைநீரும் அப்போது கீழ்நோக்கித்தான் வழியும்.

பழமையைக் காட்டுவதில் பொருளறிவு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மிக்-21-இன் தோலில் பெரும்பகுதி அலுமினியக் கலவை; அதில் செம்பழுப்புத் துரு பிடிப்பதாகக் காட்டுவது பிழை. வண்ணம் உரிந்த இடத்தில் உலோக வெண்மைதான் தெரியும். அதுவும் தரைப் பணியாளர்கள் ஏறி நடக்கும், இறக்கை உடலோடு சேரும் மேற்பகுதி, திருகுகள் கழற்றப்படும் கதவுகளின் விளிம்பு போன்ற இடங்களில் மட்டும்தான். காற்று நுழைவாயிலின் நடுவிலுள்ள கூம்பும் செங்குத்து வாலின் நுனியும் உலோகமே அல்ல. ரேடார், வானொலி அலைகளைக் கடத்தும் பொருளால் ஆனவை. அங்கே வெள்ளிப் புள்ளிகளை வைத்த மாதிரிகளைப் பார்க்கும்போது, நல்ல கைத்திறன் வீணாகிவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். வயிற்றுப் பகுதியிலுள்ள 23 மில்லிமீட்டர் இரட்டைக்குழல் பீரங்கியின் வாய்க்குப் பின்னால் மட்டும் மெல்லிய புகைக்கறை உண்டு. அதற்கு வண்ணத்தைவிடப் பென்சில் கரித்தூள் நன்றாகப் படிகிறது.

வாலின் கடைசி வளையம் வண்ணமில்லாத வெற்று உலோகம். கூடுதல் உந்துவிசைக்காக எஞ்சினின் பின்முனையில் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னரின் வெப்பத்தில் பழுப்பு, நீலம், ஊதா என்று நிறம் மாறும் அந்தப் பகுதிக்கு, உலோக வண்ணத்தின் மேல் ஒளி ஊடுருவும் நிறங்களை மிக நீர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தேன். சக்கரங்களின் நடுப்பகுதி பளிச்சென்ற பச்சை. மறைப்பு வண்ணத்துக்கு நடுவே அது உறுத்துவது போலத் தோன்றினாலும் மங்கலாக்க வேண்டியதில்லை, சோவியத் வழக்கம் அதுதான்.

இறுதியாக மங்கல் கிளியர் அடித்து, மூக்கின் மேற்புறம் வலப்பக்கம் சற்று விலகி நீளும் காற்றுவேக அளவுக் குழலைப் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் குழல் தடித்திருப்பதோடு, கை பட்டவுடன் ஒடிந்துவிடும். மருந்துக் கடையில் வாங்கிய ஊசியின் குழலை வெட்டி, மெல்லிய கம்பியை அதற்குள் செருகி ஒட்டியபோது நேர்த்தியும் உறுதியும் சேர்ந்தே கிடைத்தன. மாதிரியை ஐந்து பக்கமும் கண்ணாடியடைத்த பெட்டிக்குள், நேர்வெயில் படாத சுவரோரம் வைத்திருக்கிறேன். பெட்டியை வீட்டுக்கு அருகிலுள்ள கண்ணாடிக் கடையிலேயே அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். குழலின் நீளத்தையும் சேர்த்து அளவு கொடுக்க வேண்டும்.